ஏழாம் நம்பர் அயர்ன்

முதல் பந்தை அடிப்பதற்கு முன்னாலேயே நாச்சிமுத்துவுக்கு யாரையாவது ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழைக்காலம் முழுக்கப் பைக்குள் கிடந்து பூசணம் பூத்த கையுறையையா, ஒன்பது மாதத்தில் ஒரு சுற்றுப் பெருத்து மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் வந்து நிற்கிற தன் தொந்தியையா, விடிந்தும் விடியாததுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற கோல்ஃப் கோச் பெஞ்சமினையா? "புடி இறுகுது சார். இது ஏழாம் நம்பர் அயர்ன், கடப்பாரை இல்ல. முட்டையைப் புடிக்கற மாதிரி புடிங்க" என்றான் பெஞ்சமின். முட்டையாம் முட்டை. முப்பத்தஞ்சு வருஷம் பம்ப்செட் ஃபவுண்டரி நடத்தின கை இது; இரும்புக் குழம்பு ஊற்றுகிற இடத்தில் முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தால் இன்றைக்குக் கையும் மிஞ்சியிருக்காது, காலும் மிஞ்சியிருக்காது. காலடியில் ஒரு கூடை, கூடையில் ஐம்பது பந்து, எதிரே அடித்துப் பழகுகிற ரேஞ்சு மைதானம். ஞாயிற்றுக்கிழமை சீசன் ஆரம்பம், முதல் போட்டி. ஒன்பது மாதமாக அவரை கிளப் வாசலை மிதிக்க விடவில்லை. நேற்றுத்தான் செகரட்டரி போன் பண்ணி, வாங்க, ரேஞ்சுல ஒரு கூடை அடிச்சுக் கையைப் பழக்குங்க, ஆனா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்தப் பேப்பர்ல குப்புராஜ் கையெழுத்து வேணும், அது இல்லேன்னா லிஸ்ட்ல உங்க பேர் வராது, இந்த சீசனும் கிடையாது, இனி எந்த சீசனும் கிடையாது என்று சொல்லிவிட்டார். பேப்பர் கோல்ஃப் பையின் பக்கத்து ஜிப்புக்குள் இருந்தது. நாலே வரி. மார்ச் மாதப் போட்டியில் பதினாறாவது குழிக்கு முன்னால் நாச்சிமுத்து அவர்களின் மட்டை தவறுதலாகக் கை வழுக்கி என் வலது மணிக்கட்டில் பட்டது, இதில் அவர் குற்றம் ஏதுமில்லை. அதற்குக் கீழே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் நாச்சிமுத்துவின் மிச்ச உயிரே தொங்கிக்கொண்டிருந்தது, இதில் மிகை ஒன்றும் இல்லை. ஃபவுண்டரியை மகன் எடுத்துக்கொண்டாயிற்று, அப்பா நீங்க வராதீங்க, உங்க சத்தம் கேட்டாலே ஆளுக நின்னுடறாங்க என்று முகத்துக்கு நேராகவே சொல்லியும் ஆயிற்று. இந்தப் பதினெட்டுக் குழியும் போய்விட்டால் அப்புறம் சோபாவும் டிவியும்தான்.

அடித்தார். பந்து எழும்பி, நேராகப் போகிற மாதிரி பாவனை காட்டி, பாதியில் வலது பக்கமாக வளைந்து வேலியோரப் புதருக்குள் விழுந்தது. இன்னொன்று. அதுவும் புதருக்குத்தான். மூன்றாவது பந்தில் செகரட்டரியின் மீசை தெரிந்தது, நல்லா வாங்கிக்கோடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தார், அது தரையோடு தரையாக உருண்டு ஐம்பது கஜம்கூடப் போகாமல் நின்றது. நாலாவதில் சௌந்தரராஜன். போன மார்ச்சில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன ஸ்பின்னிங் மில்காரன், கைகுலுக்கும்போது 'பேட் லக்' என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தவன். அவனுடைய வெள்ளைப் பல்வரிசையின் மேல் மட்டை இறங்குவதை நாச்சிமுத்து ஒழுங்காக, அவசரப்படாமல் பார்த்தார். பல் உடைகிற சத்தம், உதடு கிழிகிற விதம், வெள்ளை டீ ஷர்ட்டில் சொட்டுகிற சிவப்பு. பார்த்து முடித்தபோது தோள் இரண்டும் இளகிச் சுகமாக இருந்தது. பந்து கொஞ்சம் நேராகவே போயிற்று. "அப்படித்தான் சார்!" என்றான் பெஞ்சமின். அடப்பாவி, நான் என்னத்தை நினைச்சு அடிச்சேன்னு உனக்குத் தெரிஞ்சா பக்கத்துல நிப்பியா? இப்படியே பத்து, பன்னிரண்டு போயிற்று. முகம் மாற மாற அடி மாறியது. மகன், மருமகள், ஓட்டை ரேடியோ மாதிரி விடாமல் பேசுகிற பக்கத்து வீட்டு டாக்டர், எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. பதிமூன்றாவது பந்தை வைக்கும்போதுதான் தூரத்தில் அந்த ஆளைப் பார்த்தார். இந்த கிளப்பில் ஒரு வழக்கம், மெம்பர்கள் அடிக்க அடிக்கவே ரேஞ்சுக்குள் ஆள் நடந்து பந்து பொறுக்குவான், பாதுகாப்புக்குத் தலையில் கம்பி வைத்த கிரிக்கெட் ஹெல்மெட். அடிப்பதை நிறுத்திவிட்டுப் பொறுக்கச் சொன்னால் மெம்பர்களுக்கு நேரம் வீணாகிவிடுமாம். நீளக் குழாயைப் பந்தின் மேல் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டு, நூற்றைம்பது கஜத்தில் ஒருவன் குறுக்கே நடந்துகொண்டிருந்தான். குழாய் இடது கையில். வலது கை வயிற்றோடு ஒட்டி மடங்கி இருந்தது. ஹெல்மெட் முகத்தை மறைத்தாலும் நடை மறைக்குமா? பதினோரு வருஷம் தனக்கு நாலடி பின்னால் வந்த நடை அது.

"அது யாரு?" என்றார், தெரிந்துகொண்டே. "நம்ம குப்புராஜ்தானுங்க சார். எலும்பு கோணலாக் கூடிருச்சு, இனிப் பை தூக்க முடியாது. செகரட்டரி பாவம் பார்த்து ரேஞ்சுல போட்டிருக்காரு" என்று பெஞ்சமின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். குப்புராஜ் அவருடைய கேடி. கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டுகிற கேடி இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை, எத்தனை கஜம் என்று சொல்கிறவன். நாற்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், ஐந்தாவது வரை படிப்பு. ஆனால் புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதை அவன் சொன்னால் இங்கே மறுபேச்சு கிடையாது. போன மார்ச்சில் பதினாறாவது குழிக்கு வரும்போது நாச்சிமுத்து ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார், இன்னும் மூன்றே குழி, கோப்பை கைக்கு எட்டிவிட்டது. பந்து நீளப் புல்லுக்குள் கிடந்தது. கால் வைத்து நின்றபோது பந்து அசைந்தது. எவ்வளவு? ஒரு விரற்கடை. யாருக்கும் தெரியாது. சௌந்தரராஜன் இருபது அடி தள்ளி போன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த மடையன் வாயைத் திறந்தான். "சார், பந்து நகந்துருச்சுங்க." கேடி எதையாவது பார்த்தால் தன் மெம்பர் காதில் மட்டும் போட வேண்டும், பேசலாமா வேண்டாமா என்பது மெம்பர் பாடு. எழுதாத சட்டம் அது, பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அவன் மீறினதில்லை. அன்றைக்கு மட்டும் என்ன வந்தது அவனுக்கு? கேட்கும்படி சொல்லிவிட்டான். சௌந்தரராஜன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அடிக்காமலே பந்து அசைந்தால் ஒரு அடி அபராதம். அடுத்த அடி குளத்துக்குள். 'அடடா' என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் குழி இருக்கிற பச்சைத் திட்டை நோக்கி முன்னால் நடந்தார்கள். நாச்சிமுத்து நின்றார். மட்டை பெயர்த்த புல் துண்டை எடுத்துவந்து குப்புராஜ் குத்தவைத்து உட்கார்ந்தான், மண் காயத்தின் மேல் அதை வைத்து வலது உள்ளங்கையால் அழுத்தினான். அந்தக் கை.

வழுக்கியது. வியர்வை, மார்ச் வெயில், பழைய கையுறை. கோபத்தில் மட்டையை ஓங்கினது உண்மை, தரையை அடிக்கத்தான் ஓங்கினது, யார்தான் ஓங்குவதில்லை, பெரிய பெரிய ஆட்டக்காரர்களே மட்டையை மரத்தில் அடித்து முறிப்பதை டிவியில் காட்டுகிறான். ஓங்கினபோது வழுக்கியது. வழுக்கிப் போய்ப் பட்டது. ஒன்பது மாதமாக இதைத்தான் குளிக்கும்போதும் சொல்லிக்கொண்டார், சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டார், போலீசில் எழுதிக் கொடுக்காமல் சமாதானம் பேசி முடித்த அன்றைக்கு மகனிடமும் சொன்னார். ஆனால் வழுக்கிப் போகிற மட்டை தள்ளிப் போய் விழ வேண்டாமா? மட்டை அவர் கையிலேயேதானே இருந்தது? சத்தம் கேட்ட பிறகும் கையில் இருந்தது, அப்புறம்தான் கீழே போட்டார், போட்டுவிட்டு முன்னால் போகிறவர்களைப் பார்த்து, "ஐயோ, மட்டை வழுக்கிருச்சு, வாங்க வாங்க!" என்று கத்தினார். என்ன வேகம் அந்த வாய்க்கு! குப்புராஜ் "அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் கதையே சொல்லி முடித்துவிட்டார். சீ, விடு. வழுக்கியதுதான். பதினாறாவது பந்து. பதினேழு. மணிக்கட்டைத் தளர்த்துங்க சார் என்று பெஞ்சமின் சொன்னான், அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா? மணிக்கட்டு என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளங்கையில் மறுபடி அது ஏறியது, மட்டையின் தண்டு வழியாக வந்த அந்த அதிர்வு. பச்சை மூங்கிலை மிதித்த மாதிரி ஒரு நெரிவு. அது பிடித்திருந்தது என்பதுதான் கொடுமை. அதை யாரிடம் சொல்வது? சுலோச்சனாவிடமா? அவள் முப்பது வருஷப் பெண்டாட்டி, ஒரு நாளும் அவர் கை அவள் மேல் பட்டதில்லை, கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார். ஆனால் இவர் டிவி ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினால் அவள் தலை ஒரு இம்மி பின்னால் போகிறது. மார்ச்சுக்குப் பிறகா, முன்னாலிருந்தேவா? யோசித்தால் முன்னாலிருந்தேதான். என்னைக் கண்டா பயமா உனக்கு என்று கேட்கப் பயந்து ரிமோட் எடுப்பதையே விட்டுவிட்டார். இவருக்கு முன்னால் ஃபவுண்டரி நடத்தின அப்பாவின் கை இன்னும் பெரிது. வார்ப்பு ஓட்டையாகப் போனால் அச்சு கட்டினவனைக் குறட்டாலேயே சாத்துவார், சாயங்காலம் அவனுக்கே புரோட்டா வாங்கிக் கொடுப்பார், அடிக்கிற கைதான்டா அணைக்கும் என்பார். புரோட்டாவை அழுதுகொண்டே தின்ன ஆட்களை நாச்சிமுத்து பார்த்திருக்கிறார். அப்பாவைக் கும்பிட்டார்கள். அவர் செத்தபோது ஃபவுண்டரியே அழுதது. எதுக்கு அழுதானுக? நிம்மதியிலா?

இருபத்தெட்டு. முப்பது. ஹெல்மெட் இப்போது நேரெதிரில், நூற்றைம்பது கஜக் கம்பத்துக்குப் பக்கத்தில், குனிந்து நிமிர்ந்து குனிந்து. அந்தப் பெரிய மைதானத்தில் பொறுக்க வேறு இடமே இல்லையா அவனுக்கு? வேண்டுமென்றுதான் நிற்கிறான். நான் வருவேன் என்று தெரிந்துதான் இன்றைக்கு இறங்கியிருக்கிறான், பார், உன் கண்ணு முன்னாடி நொண்டிக் கையோட குனியறேன் பார் என்று காட்டுகிறான். கையெழுத்துப் போட மாட்டான். எதற்குப் போட வேண்டும்? மத்தியானம் வரை இழுத்தடித்துவிட்டு, மாட்டேனுங்க, அவரு அடிச்சாருங்க என்று செகரட்டரி மேஜையில் சொல்லுவான். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். உலகத்தில் அந்த ஒரு வாய் மட்டும் இல்லாமல் இருந்தால். நாச்சிமுத்து இந்த நினைப்பைக் கண்டு தானே திடுக்கிட்டார், திடுக்கிட்டும் அதை விடவில்லை. வலிக்கிற பல்லை நாக்கு விடுமா? அந்த வாய் இல்லாவிட்டால் என்று தொடங்கியது, ஹெல்மெட்டின் கம்பிக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதில் போய் நின்றது. பந்து நுழையாது. கழுத்து? கழுத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் தோல். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற பந்து காதுக்குக் கீழே பட்டால் மாடு விழுகிற மாதிரி விழுவான், முழங்கால் முதலில் மடங்கும், குழாயிலிருந்து பந்துகள் கொட்டிச் சிதறும். விபத்து. ரேஞ்சில் நடக்காததா? அப்போது யாரும் வழுக்கியதா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். முருகா, என்ன எண்ணம்டா இது, மனுசனா நீ என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே அடுத்த பந்தை வைத்தார். முப்பத்தேழு வலப்பக்கம், முப்பத்தெட்டு வலப்பக்கம். "இடுப்பு முதல்ல திரும்பட்டும் சார், கை தானா வரும். எதையும் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சமின் தண்ணீர் குடிக்க நகர்ந்தான். நாற்பத்தொன்று. காற்று சட்டென்று நின்றது. பிடி தானாக இளகியது, உண்மையிலேயே முட்டையைப் பிடித்த மாதிரி.

பட்டதே தெரியவில்லை. நல்ல அடிக்கு அதுதான் அடையாளம், கையில் ஒன்றும் தெரியாது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது, வளையவில்லை, நெளியவில்லை, ஒன்பது மாதத்தில் முதல் ஒழுங்கான அடி, அது போய் இறங்குகிற இடத்தில் குப்புராஜ் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். பந்து ஆள் மேல் போனால் 'ஃபோர்' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. ஆறு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கத்தினால் கேட்கிறவன் அந்த இடத்திலேயே தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நேரம் இருந்தது. பந்து உச்சிக்குப் போய், ஒரு கணம் தயங்கி, இறங்கத் தொடங்குகிற வரைக்கும் நாலைந்து நொடி, ஒரு மனிதன் தன் பேரை, அப்பன் பேரை, ஊர்ப் பேரைச் சொல்லி முடிக்கிற நேரம். நாச்சிமுத்துவின் வாயில் ஒன்றும் அடைக்கவில்லை, நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை, மூச்சு முட்டவில்லை. வாய் வாயாகத்தான் இருந்தது, மூடிக்கொண்டு. கண் பந்தோடு இறங்கியது. படட்டும் என்று நினைத்தாரா? நினைக்கக்கூட இல்லை, ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான், வேகமாக வருகிற பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று பார்க்கிறவர் மாதிரி. பந்து குப்புராஜின் இடது காலுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தி, ஈர மண்ணைத் தெறித்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு வந்தது சத்தம். "ஃபோர்!" எல்லாம் முடிந்த பிறகு, ஊரைக் கூட்டுகிற மாதிரி. தண்ணீர் பாட்டிலோடு பெஞ்சமின் திரும்பிப் பார்த்தான். குப்புராஜும் திரும்பினான். ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. கீழே கிடந்த பந்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். நாச்சிமுத்து மட்டையைக் கீழே வைத்தார். வழுக்கவில்லை. அன்றைக்கும் வழுக்கவில்லை. ஒன்பது மாதமாக எந்த வாயை நம்பிக்கொண்டிருந்தாரோ அந்த வாய் இப்போது மூடியிருந்ததைத் தானே பார்த்துவிட்டார். இனி யாரை ஏமாற்றுவது?

மிச்சப் பந்துகளை அடிக்கவில்லை. பெஞ்சு மேல் உட்கார்ந்துவிட்டார். குப்புராஜ் ரேஞ்சைக் கடந்து நிதானமாக வந்தான், ஹெல்மெட்டை இடது கையாலேயே கழற்றிப் பெஞ்சுக்குப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினான். தலைமுடி நரைத்திருந்தது, மார்ச்சில் இவ்வளவு நரை இல்லை. "வணக்கமுங்க சார். பேப்பர் கொண்டாந்திருக்கீங்களாமா? செகரட்டரி சொன்னாரு. குடுங்க, போட்டுத் தந்துடறேன்" என்றான். குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. பெஞ்சமின் நாசூக்காகத் தள்ளிப் போய் மட்டைகளைத் துடைக்கத் தொடங்கினான். "வேண்டாம்" என்றார் நாச்சிமுத்து. "வேண்டாம் குப்புராஜு. அது வழுக்கல. நான் அடிச்சேன். வேணும்னேதான் அடிச்சேன். வா, செகரட்டரிகிட்டப் போலாம், நானே சொல்லிடறேன். லிஸ்ட்லருந்து என்ற பேரை அடிச்சுடட்டும். இனி இந்தப் பக்கமே வரல." சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் முட்டியது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது, இதுக்குத்தானா இத்தனை மாசம் என்று அழவேண்டும் போலிருந்தது. குப்புராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "தெரியுமுங்க" என்றான். "அன்னிக்கே தெரியும். கையை வச்சிருந்தவன் நானு, எனக்குத் தெரியாதா? இப்ப நீங்க வாயைத் தொறக்கலீங்கறதும் தெரியும்." நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "பின்னே என்ன? வா, போய்ச் சொல்லிடலாம்." குப்புராஜ் நகரவில்லை. "சொல்லி? நீங்க அடிச்சீங்கன்னு எழுதினா கேஸாகும், விசாரணை வரும், நியூஸ் பேப்பர்ல வரும். வம்பு புடிச்சவன்னு என்னையும் வெளியில தள்ளிருவாங்க. கையெழுத்துப் போட்டாத்தான் லாக்கர் ரூம் வேலைன்னு செகரட்டரி தெளிவாச் சொல்லிட்டாருங்க. உள்ளார உக்காந்து செருப்பு எடுத்துக் குடுக்கற வேலை. தலைக்கு மேல பந்து வராது. ரெண்டு புள்ளைக இருக்குது சார் எனக்கு. உங்க மனசு லேசாகறதுக்கு நான் இன்னொருக்காக் கை குடுக்கோணுமா?"

அவனே பையின் ஜிப்பைத் திறந்தான். எந்த ஜிப்பில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா, பதினோரு வருஷம் சுமந்தவன்! பேப்பரை எடுத்துப் பெஞ்சு மேல் வைத்து, மண்டியிட்டு, பேனாவை இடது கையில் பிடித்தான். முதல் எழுத்துக்குப் பேனா வைத்ததும் பேப்பர் சறுக்கிக்கொண்டு போயிற்று. வலது கையைக் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்த்தான், விரல்கள் விரியவில்லை, அழுத்தம் கிடைக்கவில்லை. மறுபடி வைத்தான், மறுபடி நகர்ந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொஞ்சம் அமுக்கிப் புடிச்சுக்குங்க சார்" என்றான். நாச்சிமுத்து பெஞ்சிலிருந்து இறங்கி, தொந்தி இடிக்க, எதிரே மண்டியிட்டார். பேப்பரின் இரண்டு ஓரத்திலும் கையை வைத்தார். குப்புராஜ் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினான், புள்ளி வைக்க நிறுத்தினான், மூச்சு விட்டுக்கொண்டான், மறுபடி எழுதினான். அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் நாச்சிமுத்து அந்தப் பேப்பரை அசையவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.